நோட்டுல இருக்கறது உங்க கையெழுத்துதானே?

கேள்வி: எங்க ஊராட்சியில சுமார் 2,500 பேர். நான் மகளிர் குழு ஊக்குநர், குழுவுல 12 பேர். நாலு நாளைக்கு ஒரு வாட்டிதான் தண்ணி வருது. கிராம சபையில போய் கேக்கலாம்னா யாரும் வர மாட்டேங்கறாங்க, வீட்டுக்காரர் "உனக்கெதுக்கு அரசியல், குடும்பத்தப் பாரு"ன்னு சத்தம் போடறார். போன கூட்டத்துக்கு முப்பது பேர்தான் வந்தாங்களாம். நாங்க போகலன்னாலும் கிராம சபை தீர்மான நோட்டு வீட்டுக்கே வந்துடும், கையெழுத்து போட்டு குடுத்துடுவோம். பேசாம பொறுப்ப விட்டுட்டு ஒதுங்கிடலாமான்னு இருக்கு. ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்.

பதில்: இந்த மாதிரி லெட்டர் நிறைய வருது, எல்லாத்துலயும் வீட்டுக்காரர்தான் வில்லன். அவர அப்புறம் பாப்போம். போற போக்குல ஒரு வரி எழுதிட்டு போயிட்டீங்க பாருங்க, நோட்டு வீட்டுக்கே வந்துடும்னு, அத படிச்சதும் எனக்கு கோவம்தான் வந்துச்சு.

501ல இருந்து 3,000 பேர் வரைக்கும் இருக்கற ஊராட்சியில கிராம சபை செல்லுபடியாகணும்னா 100 பேர் வந்திருக்கணும். முப்பது பேர்தான் வந்தாங்கன்னு நீங்களே சொல்றீங்க. மிச்ச எழுபது எங்கேந்து வந்துச்சு? அடுப்படியிலேந்து கைய தொடச்சிட்டு வந்து வாசல்ல நின்னு போட்டீங்களே, அங்கேந்துதான் வந்துச்சு. அந்தப் பக்கத்துல மேல என்ன எழுதியிருந்துச்சுன்னு படிச்சீங்களா? இல்ல காலியா இருந்துச்சா? குடிநீர் விநியோகம் சீரா நடக்குதுன்னு அங்க எழுதியிருந்தா அதுக்கும் நீங்கதான் சாட்சி. குழு கணக்குல ஒருத்தி அம்பது ரூபா குறைச்சு எழுதுனா விடுவீங்களா? வரவு செலவ வாசிச்சு எல்லாரும் கேட்டப்புறம்தான கையெழுத்து போடறீங்க, ஊர் நோட்டுக்கு மட்டும் அந்தப் பழக்கம் எங்க போச்சு?

1921ல மெட்ராஸ் மாகாணத்துல பொம்பளைங்களுக்கு ஓட்டு வந்தப்ப சொத்து இருக்கறவங்களுக்குதான் குடுத்தாங்க, அதுக்கே 1917ல அடையாறுல ஆரம்பிச்ச இந்திய மாதர் சங்கம் மல்லுக்கட்ட வேண்டியிருந்துச்சு. இன்னிக்கு ஒரு சென்ட் நிலம் இல்லாதவளும் கிராம சபையில எந்திரிச்சு கேக்கலாம். அத நீங்க வாசப்படியிலயே முடிச்சு அனுப்பிடறீங்க.

இப்ப வீட்டுக்காரர். குடும்பத்தப் பாருன்னு அவர் சொன்னதுல தப்பே இல்ல, நானும் குடும்பம்தான் முதல்லன்னு சொல்ற ஆளு. ஆனா தண்ணி வர்ற அன்னிக்கு வேலைய போட்டுட்டு குழாயடியில குடத்தோட நிக்கறது யாருன்னு அவர்கிட்டயே கேளுங்க, அந்தத் தண்ணிய கேக்கப் போறதும் குடும்பத்தப் பாக்கறதுதான். ஒளிச்சு மறைச்சு மட்டும் போகாதீங்க, அது எனக்குப் பிடிக்காது, சொல்லிட்டு போங்க, முடிஞ்சா அவரையும் கூட்டிட்டு போங்க. வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கற எல்லாரும் கிராம சபை உறுப்பினர், அவரும்தான்.

ஒதுங்கற பேச்சே வேணாம்மா. இந்த வாரக் கூட்டத்துல 12 பேரும் உக்காந்து, தண்ணி எந்தெந்த தேதியில எவ்ளோ நேரம் வந்துச்சுன்னு எழுதுங்க. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணி குடுக்கற ஜல் ஜீவன் திட்டத்துல ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு, உங்க வீடுகளுக்கு எத்தன குடம் வருதுன்னும் பக்கத்துலயே போடுங்க. ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ண ஊராட்சி செயலர்கிட்ட குடுத்துட்டு இன்னொண்ணுல தேதியோட கையெழுத்து வாங்கிக்கோங்க. வருஷத்துக்கு ஆறு கிராம சபை, அதுல மார்ச் 22 உலக தண்ணீர் தினம், ஆனா அதுவரைக்கும் காத்திருக்காதீங்க, அடுத்து எது வருதோ அதுக்குப் போங்க. தீர்மானத்த எழுதி வாசிக்க சொல்லுங்க, எழுதி முடிச்ச இடத்துக்குக் கீழ கோடு போட சொல்லுங்க, அப்புறம் பேனாவ தொடுங்க.

தீர்மான நகல் கேட்டு வாங்குங்க. ஒண்ணும் நடக்கலன்னா அந்த நகலோட பிடிஓ (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ், அங்கயும் அசையலன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாள். பஸ் காச மட்டும் குழு சேமிப்புல இருந்து எடுத்துடாதீங்க, ஆளாளுக்கு போட்டுக்கோங்க, இல்லன்னா அதையே குத்தமா பேசுவாங்க.