முட்டி மடங்குவது இருக்கட்டும், நீளுகிறதா?

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் கேட்ட கேள்விகள் இவை. நான் புதுச்சேரியில் பிசியோதெரபிஸ்ட். 19 வருடமாக வீடு வீடாகப் போய் முட்டி மடக்கிக்கொண்டிருக்கிறேன். உங்கள் சர்ஜன் ஏதாவது கூடாது என்று தனியாகச் சொல்லியிருந்தால் அவர் பேச்சுதான் முதலில்.

வில்லியனூரிலிருந்து ஒரு மகள்: அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி 12 நாள். 85 டிகிரிதான் மடங்குகிறது. எதிர்வீட்டு அம்மாவுக்குப் பத்தே நாளில் 100 வந்துவிட்டதாம். பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றும் இல்லை அம்மா. இரண்டு வாரத்துக்கு 90, ஆறு வாரத்துக்கு 110 பக்கம் என்பது பொதுவான கணக்கு. நீங்கள் அந்தப் பாதையில்தான் இருக்கிறீர்கள். எதிர்வீட்டு முட்டி வேறு, உங்கள் அம்மா முட்டி வேறு.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். கால் முழுசாக நீளுகிறதா? எல்லாரும் மடங்கும் டிகிரியைத்தான் எண்ணுகிறார்கள், நீட்டலை யாரும் பார்ப்பதில்லை. அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலை நீட்டச் சொல்லுங்கள். முட்டிக்கு அடியில் உங்கள் உள்ளங்கையை விட்டுப் பாருங்கள். கை சுலபமாக உள்ளே போய் வருகிறது, அம்மா அழுத்தினாலும் கையில் படவில்லை என்றால் கால் இன்னும் நீளவில்லை. இப்படியே விட்டால் நடக்கும்போது ஒரு கால் குட்டை போல விந்துவார்கள். தொடைத் தசைக்கு ஓய்வே கிடைக்காது, இடுப்பும் சேர்ந்து வலிக்கும்.

இதற்குக் காரணம் பெரும்பாலும் ஒரு தலையணைதான். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாக இருக்கும், அந்தச் சுகத்திலேயே முட்டி மடங்கினபடி இறுகிவிடும். என் சொந்த அம்மாவுக்கே இது நடந்தது. நான் வெளியே கிளம்பியதும் சித்தி பாசத்தோடு தலையணையைச் செருகிவிடுவார், நான் வருவதற்குள் எடுத்துவிடுவார். பத்து நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அதைச் சரிசெய்ய ஒன்றரை மாதம் ஆனது.

தலையணை குதிகாலுக்கு அடியில்தான் இருக்க வேண்டும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்குக் கீழே வையுங்கள், முட்டி அந்தரத்தில் தொங்கட்டும். முதலில் 5 நிமிடம், பழகப் பழக 10, 15. பின்பக்கம் இழுக்கும், அந்த இழுவைதான் மருந்து. டி.வி. பார்த்துக்கொண்டே செய்யலாம், சீரியலில் விளம்பரம் வரும்போதெல்லாம் முட்டியைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள்.

கடலூர் முதுநகர்: பயிற்சி செய்தால் உயிர் போகிறது. வலித்தால் நிறுத்திவிடலாமா?

முழுக்க நிறுத்தினால் முட்டி இறுகிவிடும் அண்ணா. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வதும் தப்பு. பத்துப் பத்து நிமிடமாக நாளைக்கு நாலைந்து தடவை செய்யுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைப் போட்டு அரை மணி, முக்கால் மணி கழித்து ஆரம்பித்தால் பாதிப் போராட்டம் குறையும். முடித்ததும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வையுங்கள். வெந்நீர் ஒத்தடம் இப்போது வேண்டாம், வீக்கம் கூடும்.

அளவு தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. மறுநாள் காலையில் முட்டி முந்தின நாளைவிட வீங்கியிருந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள் என்று அர்த்தம். இன்று கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள், விட்டுவிடாதீர்கள்.

மடக்குவதற்கு: நாற்காலியில் உட்கார்ந்து, காலுக்கு அடியில் பழைய வழவழப்பான புடவைத் துண்டு ஒன்றைப் போடுங்கள். டைல்ஸ் தரையில் பாதம் தானாக வழுக்கிப் பின்னால் போகும். முடிந்தவரை போய், அங்கேயே ஐந்து எண்ணி நிற்க வேண்டும். வாய்விட்டு எண்ணுங்கள், மூச்சை அடக்காமல் இருப்பீர்கள்.

பண்ருட்டி: எங்கள் பக்கம் நன்றாக நீவிவிடும் ஒருவர் இருக்கிறார். அப்பாவுக்கு எண்ணெய் போட்டு உருவிவிடச் சொல்லலாமா? ஆபரேஷன் ஆகி மூன்று வாரம்.

வேண்டவே வேண்டாம். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். புதுக் காயத்தில் எண்ணெய் பட்டால் கிருமி சேரும். அதைவிடப் பயம் கெண்டைக்காலில் இருக்கிறது. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு அங்கே ரத்தம் உறைவது உண்டு. அதை உருவிவிட்டால் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காயத்தில் கசிவு, காய்ச்சல் என்றாலும் அப்படித்தான்.

காயம் நன்றாக ஆறி, டாக்டர் சரி என்றபிறகு, தழும்பின் மேல் அப்பாவே கட்டைவிரலால் லேசாகத் தேய்த்துக்கொள்ளலாம்.

முத்தியால்பேட்டை: படுத்தபடி காலை நேராகத் தூக்கச் சொல்கிறார்கள். ஒரு அங்குலம்கூட எழும்பவில்லை. நரம்பு போய்விட்டதா?

தொடைத் தசை தூங்குகிறது, அவ்வளவுதான். ஆபரேஷன் முடிந்த முதல் மாதத்தில் அந்தத் தசை பாதிக்கும் மேல் பலம் இழந்துவிடும். வீக்கமும் வலியும் மூளையிலிருந்து வரும் உத்தரவைத் தடுத்துவிடுகின்றன. தூக்குவதை விட்டுவிட்டு முதலில் இறுக்கப் பழகுங்கள். முட்டிச் சில்லின் மேல் விரலை வைத்துக்கொண்டு, முட்டியை மெத்தையில் அழுத்துங்கள். சில்லு தொடைப் பக்கம் நகர்வது விரலுக்குத் தெரிந்தால் தசை விழித்துவிட்டது. அப்புறம் தூக்கலாம். ஆனால் பாதத்தை மேல்பக்கம் தூக்கவே முடியவில்லை, தொங்குகிறது என்றால் அது வேறு சமாச்சாரம், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

காலைத் தானாக ஆட்டும் மெஷினை வாடகைக்கு எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது காலை ஆட்டும், தசையை வேலை வாங்காது. காசை மிச்சம் பிடியுங்கள்.

அரியாங்குப்பம்: மாடி வீடு. எந்தக் காலை முதலில் வைப்பது?

ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். கைப்பிடியை விடாதீர்கள்.

மஞ்சக்குப்பம்: வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு மாறச் சொன்னார்கள். வலது முட்டி ஆபரேஷன், தடியையும் வலது கையிலேயே பிடிக்கிறேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

சிரிக்கிறவர்கள் சொல்வதுதான் சரி ஐயா. தடி எதிர்க்கையில், உங்களுக்கு இடது கையில். தடியும் ஆபரேஷன் காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும்.

லாஸ்பேட்டை: கடற்கரைச் சாலையில் தினமும் நடந்தவன். எப்போது போகலாம்?

வீட்டுக்குள் தடியோடு தடுமாறாமல் 10 நிமிடம் நடக்க முடிகிறதா? அப்படியானால் போகலாம். மாலையில் அங்கே வண்டி விடமாட்டார்கள், தரை சமம், களைத்தால் உட்கார இடமும் உண்டு. காந்தி சிலையிலிருந்து கொஞ்ச தூரம் போய்த் திரும்புங்கள். போன தூரம் திரும்பவும் நடக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மணலில் மட்டும் இப்போது இறங்க வேண்டாம், கால் புதைந்து முட்டி திருகும். கடலூர்க்காரர்களுக்கும் அதேதான், சில்வர் பீச்சில் நடைபாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பம்: நான்கு மாதத்தில் பேத்தி கல்யாணம். சம்மணம் போட்டு உட்கார முடியுமா? திருவந்திபுரம் மலைப்படி ஏற வேண்டுதல் வேறு இருக்கிறது.

படி ஏறலாம் பாட்டி. தொடை பலமாகி, கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று ஏறுங்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம், அதற்குப் பலம் மிச்சம் வையுங்கள். சம்மணத்துக்கு ஏறக்குறைய 130 டிகிரி மடங்க வேண்டும், எல்லா முட்டிக்கும் அது வராது. வந்தாலும் அடிக்கடி உட்காருவதைப் பல சர்ஜன்கள் விரும்புவதில்லை. உங்கள் டாக்டரைக் கேளுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து அட்சதை போட்டாலும் ஆசீர்வாதம் பலிக்கும்.

பாகூர்: மூன்று மாதம் ஆகிவிட்டது. முட்டி சூடாக இருக்கிறது, டக் டக் என்று சத்தம் கேட்கிறது, தழும்புக்கு வெளிப்பக்கம் மரத்துக் கிடக்கிறது.

மூன்றும் சகஜம். சூடு சில மாதம் இருக்கும். சத்தம் உலோகமும் பிளாஸ்டிக்கும் உரசுவது. தோலுக்குப் போகும் சின்ன நரம்பு அறுபடுவதால் மரத்துப்போகிறது, நாளாக ஆகப் பரப்பு சுருங்கும். சூட்டோடு சிவப்பும் புது வலியும் சேர்ந்தால் மட்டும் காட்டிவிடுங்கள்.

பெயர், ஊர் சொல்லாத ஒருவர்: எனக்கு அடுத்த மாதம்தான் ஆபரேஷன். இப்போதே செய்ய ஏதாவது இருக்கிறதா?

நிறைய இருக்கிறது. மேலே சொன்ன தொடை இறுக்கும் பயிற்சியை இன்றே ஆரம்பியுங்கள். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். தரையில் கிடக்கும் மிதியடிகளைச் சுருட்டி வையுங்கள். கை வைத்த, உயரமான நாற்காலி ஒன்று பார்த்து வையுங்கள். அப்புறம் ஒரு வாக்கரை இரவல் வாங்கி, உங்கள் பாத்ரூம் கதவில் நுழைகிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் பாதிக்கு நுழைவதில்லை, அது தெரிய வருவது ஆபரேஷன் முடிந்து வந்த முதல் ராத்திரியில்தான்.