முகம் சிவந்து எரிந்தால் வைட்டமின் அலர்ஜியா?

கேள்வி: அசதிக்கு நல்லது என்று எங்கள் சொந்தக்காரர் ஒருவர், அவர் விற்கும் பி காம்ப்ளக்ஸ் கேப்சூல் டப்பாவைத் தந்தார். வெறும் வயிற்றில் போட்டேன். இருபது நிமிடத்தில் முகம், காது, கழுத்து எல்லாம் சிவந்து எரிந்து அரித்தது. ஒரு மணி நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. மறுநாளும் அப்படியே. “உடம்பிலுள்ள நஞ்சு வெளியேறுகிறது, இரண்டு வேளையாகப் போடுங்கள்” என்கிறார் அவர். மருந்துக்கடைக்காரரோ, “வைட்டமின் அலர்ஜி, இனி எந்த வைட்டமினும் உங்களுக்கு ஆகாது” என்கிறார். டப்பாவில் ‘நியாசின் 100 மி.கி.’ என்று இருக்கிறது. யார் சொல்வது சரி? (வாசகி, திருப்பூர்)

பதில்: இருவர் சொல்வதும் தவறு. டப்பாவைப் படித்துப் பார்த்தீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. நியாசின் என்பது பி3 வைட்டமின். நமக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் போதும். 50, 100 என்று ஒரே வாயில் விழுங்கினால், தோலில் உள்ள நுண்ணிய ரத்தக்குழாய்கள் சட்டென்று விரிந்து சிவப்பும் சூடும் அரிப்பும் வரும். வெறும் வயிறு என்றால் இன்னும் வேகமாக வரும். இது மருந்தின் அளவு செய்கிற வேலை, அலர்ஜி அல்ல. உங்களுக்கென்று இல்லை, பலருக்கும் இப்படி ஆகும். அதனால் எல்லா வைட்டமினையும் ஒதுக்க வேண்டியதில்லை. இதே பி3, நிக்கோட்டினமைடு என்ற வடிவிலும் வருகிறது. அதில் இந்தச் சிவப்பு வராது.

இரண்டு வேளையாக்கச் சொன்னார் பாருங்கள், அதுதான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. அரிப்பு வந்தால் நஞ்சு வெளியேறுகிறது, பேதியானால் குடல் சுத்தமாகிறது, தலை சுற்றினால் மருந்து வேலை செய்கிறது என்று சொல்லிக் கொடுத்துத்தான் விற்பனைக்கு அனுப்புகிறார்கள். உடம்பு தரும் எச்சரிக்கையையே விற்பனைக்குச் சாதகமாகத் திருப்புகிறார்கள். சொந்தக்காரர் சொல்வதால் நாமும் மறுத்துப் பேசுவதில்லை. நியாசினை ஏற்றிக்கொண்டே போய்க் கிராம் கணக்கில் தொட்டால் கல்லீரல் கெடும். டப்பாவை நிறுத்துங்கள். அசதிக்கு முதலில் ரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

உண்மையான அலர்ஜி வேறு மாதிரி இருக்கும். தோலில் தடிப்புகள் எழும்பி இடம் மாறும், உதடு, கண் இமை வீங்கும், குரல் கம்மும், மூச்சு இழுக்கும். அப்போது காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். அதுவும் பெரும்பாலும் வைட்டமினால் இருக்காது. மாத்திரையில் சேர்த்த நிறமி, கேப்சூல் ஓட்டின் ஜெலட்டின், சோயா எண்ணெய் போன்றவற்றால் வரலாம்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது ஊசி. சோர்வு என்றதும் ‘சத்து ஊசி’ கேட்டுப் போட்டுக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் அதிகம். பி1, அதாவது தயமின், ஊசியாகப் போகும்போது அரிதாக உயிருக்கே ஆபத்தான அலர்ஜியை உண்டாக்கும். மாத்திரையாக விழுங்கியபோது ஒன்றும் ஆகவில்லை என்பதும், போன முறை ஊசி ஒத்துக்கொண்டது என்பதும் இந்த முறைக்கு உத்தரவாதம் அல்ல. எனவே மருந்துக்கடையில் நின்றபடி போட்டுக்கொள்ளாதீர்கள். அலர்ஜி முற்றினால் உயிர்காக்கும் அட்ரினலின் மருந்து கையிருப்பு உள்ள இடத்தில், மருத்துவர் சொன்னால் மட்டும் போடுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். அவசரம் என்று கிளம்பாதீர்கள்.

டப்பாவில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கும். அதைக் காட்டி “அரசாங்கமே ஒப்புக்கொண்டது” என்பார்கள். அது உணவுப் பொருளுக்கான உரிமம். அசதி தீரும் என்று யாரும் சோதித்துத் தந்த சான்று அல்ல. ஒரே வைட்டமின் மருந்து அட்டையில் வந்தால் ஒரு சட்டம், உணவு டப்பாவில் வந்தால் வேறு சட்டம். மருந்தால் பக்கவிளைவு என்றால் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் நீங்களே பதிவு செய்யலாம். டப்பா சரக்கு என்றால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போக வேண்டும். முகம் எரிந்துகொண்டிருப்பவர் எந்தச் சட்டம் என்று ஆராய்ந்துகொண்டிருக்க முடியுமா? எங்கள் மருத்துவர்களிலும் பலர் பக்கவிளைவைப் பதிவு செய்யும் படிவத்தைத் தொடுவதே இல்லை.

டப்பாவைத் தூக்கிப் போடாதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், பேட்ச் எண் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். புகார் கொடுக்க அது வேண்டும். அடுத்த முறை எந்த மருத்துவரிடம் போனாலும் “வைட்டமின் அலர்ஜி” என்று எழுதவிடாமல், “நியாசின் 100 மி.கி., முகம் சிவந்தது, ஒரு மணி நேரத்தில் அடங்கியது” என்று சொல்லி எழுதச் சொல்லுங்கள்.