வார்டில் கற்பிக்கும் மருத்துவர்கள்: கேள்வி பதில்

பட்டமேற்படிப்பு மாணவர்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்கும் கற்பிக்கும் பொறுப்பில் உள்ள மருத்துவர்கள், அந்தப் பணியில் தங்களை வளர்த்துக்கொள்வது பற்றிக் கேட்ட கேள்விகளும், மருத்துவக் கல்விப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றிய பொது மருத்துவப் பேராசிரியர் ஒருவர் அளித்த பதில்களும் கீழே தரப்பட்டுள்ளன. ஒரே பொருளைப் பற்றிய கேள்விகள் சேர்த்துத் தரப்பட்டுள்ளன.

கேள்வி (உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி): தேசிய மருத்துவ ஆணையம் வகுத்த மூன்று நாள் அடிப்படை மருத்துவக் கல்விப் பயிற்சியை முடித்துவிட்டேன். சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் நடத்தும் இணையவழி ஆராய்ச்சிப் பயிற்சியையும் முடித்தேன். பதவி உயர்வுக்கு இரண்டும் தேவை என்பதால் செய்தேன். ஆனால் வார்டில் நான் கற்பிக்கும் முறையில் எதுவும் மாறவில்லை. அடுத்து என்ன செய்வது?

பதில்: அந்த மூன்று நாள்களைக் குறைவாக எண்ண வேண்டாம். 2019இல் எம்.பி.பி.எஸ். படிப்பு திறன்சார் பாடத்திட்டத்துக்கு மாறியபோது, கற்றல் நோக்கத்தை எப்படி எழுதுவது, எதை எந்த முறையில் மதிப்பிடுவது என்பவற்றை நம் ஆசிரியர்களில் பெரும்பாலோர் இத்தகைய பயிற்சிகளில்தான் முதன்முறையாகக் கற்றார்கள். ஆனால் அப்பயிற்சி கருத்தரங்கக் கூடத்தில் நடக்கிறது. உங்கள் கற்பித்தலில் பெரும்பகுதி நோயாளியின் கட்டிலருகே நடக்கிறது. அங்கே உங்களைப் பார்த்து, இதை இப்படிச் செய்யலாமே என்று சொல்ல யாரும் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒரு பி.ஜி. மாணவர் புதிய நோயாளியிடம் நோய் வரலாறு கேட்டு உடலைப் பரிசோதிப்பதை, குறுக்கிடாமல், தொடக்கம் முதல் முடிவு வரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? தேர்வு நாளைத் தவிர என்று சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் மாணவர் சொல்வதை மட்டுமே கேட்கிறோம். கேஸ் பிரசன்டேஷன் செம்மையாக இருந்தால் பரிசோதனையும் செம்மையாக நடந்திருக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஜார்ஜ் மில்லர் 1990இல் வரைந்து காட்டிய பிரமிடில் நான்கு படிகள் உண்டு: அறிந்திருத்தல், எப்படிச் செய்வது என அறிந்திருத்தல், செய்து காட்டுதல், அன்றாடப் பணியில் செய்தல். நம் வாய்மொழிக் கேள்விகள் பெரும்பாலும் கீழிரண்டு படிகளோடு நின்றுவிடுகின்றன. நோயாளிக்குப் பயன் தருவதோ மேல்படிதான்.

எனவே பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். மினி-சி.இ.எக்ஸ். (mini-CEX) எனப்படும் முறையை அமெரிக்க உள்மருத்துவ வாரியத்தில் ஜான் நார்சினியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990களில் உருவாக்கினார்கள். ஆசிரியர் 15 முதல் 20 நிமிடம் மாணவரைக் கவனிப்பார். பிறகு 5 முதல் 10 நிமிடம் அவருடன் பேசுவார். அதற்கென ஒரு மதிப்பெண் படிவம் உண்டு. படிவத்தைவிட அந்தப் பத்து நிமிடப் பேச்சு பெரிது என்பதே என் கருத்து. வாரத்துக்கு ஒரு மாணவர் என்று வைத்துக்கொண்டால் போதும். நீங்கள் மாணவரைப் பார்ப்பது பழகியபின், நீங்கள் கற்பிப்பதைப் பார்க்கச் சொல்லி நம்பிக்கையான சக ஆசிரியர் ஒருவரை அழையுங்கள். நான் அறிந்தவரை ஆசிரியரை உண்மையில் மாற்றுவது இந்த இரண்டாவது படி. சான்றிதழ்கள் அதற்கு முன்னுரையாக அமையலாம், அவ்வளவே.

கேள்வி (அரசு மருத்துவக் கல்லூரி ஆசிரியர், மதுரை, இதே பொருளில் மேலும் சிலர்): புறநோயாளிப் பிரிவில் காலை முழுவதும் வரிசை குறையாமல் நிற்கிறது. மாணவருக்குத் தனியாக நேரம் ஒதுக்க வழியே இல்லை. இந்தச் சூழலில் எப்படிக் கற்பிப்பது?

பதில்: கற்பித்தலுக்குத் தனி நேரம் கிடைக்கும் என்று காத்திருந்தால் அது கிடைக்கப் போவதில்லை. நோயாளியைப் பற்றி மாணவர் உங்களிடம் பேச வரும் அந்த ஐந்து நிமிடத்தையே பயன்படுத்த வேண்டும். இதற்காகவே 1992இல் அமெரிக்கக் குடும்ப மருத்துவர்கள் சிலர் ஐந்து சிறு படிகளைக் கொண்ட ஒரு முறையை வெளியிட்டார்கள். 'ஒரு நிமிட ஆசான்' என்று அதற்குப் பெயர். முறையை விளக்குவதைவிட நடப்பதைச் சொல்கிறேன்.

நவம்பர் மாதம். முதலாண்டு மாணவர் ஒருவர், வயல் வேலை செய்யும் 45 வயதுப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறார். எட்டு நாள் காய்ச்சல், கடும் தலைவலி, தட்டணுக்கள் 70,000, கல்லீரல் நொதிகள் சற்றுக் கூடுதல். சொல்லி முடித்ததும், "என்ன செய்யலாம் சார்?" என்று கேட்கிறார். நெரிசலில் நம் வாய் உடனே விடையைச் சொல்லத் துடிக்கும். அதை அடக்கிக்கொண்டு, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்க வேண்டும். அவர் "டெங்கு" என்கிறார். அவர் ஒரு முடிவில் நின்றுவிட்டார்; முதல் படி முடிந்தது. "எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அதற்கு இசையாதது ஏதும் இருக்கிறதா?" என்பது அடுத்த படி. தட்டணுக்கள் குறைந்திருப்பதைச் சொல்கிறார். சற்று யோசித்து, டெங்குவில் காய்ச்சல் பொதுவாக ஒரு வாரத்துக்குள் தணிய வேண்டும், இவருக்கு எட்டாம் நாளும் 102 டிகிரி இருக்கிறதே என்று தாமே சொல்கிறார். அங்கே மூன்றாம் படியாக ஒரு பொது விதியைத் தரலாம்: நம் பகுதியில், அதிலும் மழையும் குளிரும் உள்ள மாதங்களில், ஒரு வாரத்தைக் கடந்த காய்ச்சலில் தட்டணுக்கள் குறைந்து நொதிகள் கூடினால், பூச்சிக்கடியால் பரவும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் என்று எண்ணித் தோலைத் தேட வேண்டும். நுண்ணிய பூச்சி கடித்த இடத்தில் வலியில்லாத கருத்த பொருக்கு இருக்கலாம். அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடிப்பகுதி, இடுப்பில் பாவாடை முடிச்சு பதியும் இடம் என மறைவான இடங்களிலேயே பெரும்பாலும் இருக்கும். நோயாளிக்கோ அது இருப்பதே தெரியாது.

செவிலியர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, நோயாளியின் சம்மதத்துடன், மறைப்புத் திரைக்குள் மாணவரைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் பொருக்கைக் கண்டுவிட்டால், அந்நோய்க்கான டாக்சிசைக்ளின் மருந்தை ஏன் இன்றே தொடங்க வேண்டும் என்பதை நீங்கள் விளக்கத் தேவையிருக்காது. காணாவிட்டாலும், பொருக்கு இல்லாததால் அந்நோய் இல்லை என்று ஆகிவிடாது என்பது பாடம். நான்காம் படி, சரியாகச் செய்ததைச் சொல்வது: "எட்டாம் நாள் என்பது பொருந்தவில்லை என்று நீங்களே கவனித்தீர்கள்." ஐந்தாம் படி, விடுபட்டதைச் சொல்வது: "முதல்முறையே உடையைத் தளர்த்திப் பார்த்திருக்க வேண்டும்." இவ்வளவும் நோயாளியைப் பார்க்கும் நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் இப்படிச் செய்ய முடியாது என்பதை நானும் ஏற்கிறேன். ஒரு காலைப்பொழுதில் இரண்டு நோயாளிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி (இணைப் பேராசிரியர், தஞ்சாவூர்): குறையைச் சொன்னால் மாணவர்கள் முகம் வாடுகிறார்கள், சொல்லாவிட்டால் திருந்துவதில்லை. பயிற்சிகளில் சொல்லித் தரும் 'முதலில் பாராட்டு, நடுவில் குறை, முடிவில் பாராட்டு' என்ற முறை எனக்குச் செயற்கையாகத் தோன்றுகிறது.

பதில்: எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. சில வாரங்களில் மாணவர்கள் அந்த அமைப்பைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பிறகு பாராட்டு காதில் விழுந்தாலே அடுத்து வரப்போகும் அடிக்காகக் காத்திருக்கிறார்கள். ஜாக் எண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் 1983இல் எழுதிய கட்டுரையில் வலியுறுத்தியவை இன்றும் பொருந்துகின்றன: பின்னூட்டம் உரிய காலத்தில் தரப்பட வேண்டும், நேரில் கண்டதை அடிப்படையாகக் கொள்ள வேண்டும், மாற்றக்கூடிய செயலைப் பற்றியதாக இருக்க வேண்டும், தீர்ப்பாக இல்லாமல் விவரிப்பாக அமைய வேண்டும்.

"உங்களுக்கு நோயாளிகளிடம் பேசத் தெரியவில்லை" என்பது தீர்ப்பு. அதைக் கேட்டவர் அடுத்த நாள் என்ன செய்வார்? "இன்சுலின் போடும் முறையை விளக்கினீர்கள், அந்த அம்மா தலையை மட்டும் ஆட்டினார், அவரையே ஒருமுறை செய்து காட்டச் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டீர்கள்" என்பது விவரிப்பு. இதைக் கேட்டவருக்கு நாளை செய்ய வேண்டியது கையில் இருக்கிறது. முகம் சற்று வாடினாலும் பாதகமில்லை. ஆனால் அந்தப் பேச்சு நோயாளிக்கும் செவிலியருக்கும் இளைய மாணவர்களுக்கும் கேட்காத இடத்தில் நடக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்க இடமில்லை.

பேச்சைத் தொடங்கும்போது, தாம் எப்படிச் செய்ததாக அவர் நினைக்கிறார் என்று முதலில் கேளுங்கள். நீங்கள் சொல்ல நினைத்ததில் பாதியை அவரே சொல்லிவிடுவார்.

கேள்வி (மூத்த பேராசிரியர், சென்னை): எங்களை எங்கள் யூனிட் சீஃப் கடுமையாகத் திட்டித்தான் வளர்த்தார். அந்தக் கண்டிப்பு இல்லாமல் நல்ல மருத்துவர்கள் உருவாவார்களா?

பதில்: ஐயா, தங்கள் தலைமுறை ஆசிரியர்களின் கண்டிப்பை மதிக்கிறேன். அதிகாலையில் வார்டுக்கு வந்து நின்றதும், ஒவ்வொரு நோயாளியின் பெயரையும் அறிந்திருந்ததும் அந்தக் கண்டிப்பின் பெரும்பகுதி. அதை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. திட்டு வேறு. இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் ரத்த அழுத்தம் சரியும்போது, கூப்பிட்டால் திட்டு விழும் என்று அஞ்சும் மாணவர் கூப்பிட மாட்டார். காலை ஆறு மணிவரை தாமே சமாளிக்கப் பார்ப்பார். அந்த நான்கு மணி நேரத்தின் விலையை நோயாளிதான் கொடுக்கிறார். எவ்வளவு சிறிய ஐயமானாலும் என்னை எழுப்பலாம் என்று முதல் நாளே சொல்லி, எழுப்பியபோது குரலில் எரிச்சல் காட்டாத ஆசிரியரின் யூனிட்டில் நோயாளிகள் பாதுகாப்பாக இருக்கிறார்கள். தரத்தில் கண்டிப்பும் குரலில் மரியாதையும் ஒருசேர இருக்க முடியும்.

கேள்வி (மாவட்டத் தலைமை மருத்துவமனைச் சிறப்பு மருத்துவர்): மாவட்ட உறைவிடப் பயிற்சித் திட்டத்தில் மூன்று மாதங்களுக்கு மாணவர்கள் எங்களிடம் வருகிறார்கள். நாங்கள் கல்லூரி ஆசிரியர்கள் அல்லர். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2025 ஆசிரியர் தகுதி விதிகளின்படி எங்களைப் போன்றோர் ஆசிரியர்களாகவும் ஆகலாம் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: உங்களிடம் இருப்பது கல்லூரி வார்டில் கிடைக்காத பாடம் என்பதை முதலில் நம்புங்கள். ஸ்கேன் வசதி எளிதாகக் கிடைக்காதபோது எப்படி முடிவெடுப்பது, எந்த நோயாளியை எப்போது மேல்சிகிச்சைக்கு அனுப்புவது, 108 வண்டியில் ஏற்றுமுன் எதைச் செய்து முடிப்பது, ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கு எப்படிப் பதில் குறிப்பு எழுதுவது என்பனவற்றை அவர்கள் உங்களிடமிருந்துதான் கற்க முடியும். மூன்றாம், நான்காம், ஐந்தாம் செமஸ்டர்களில் ஒன்றில் வருவதால், அவர்களுடைய திறன் ஆளுக்கு ஆள் மாறுபடும்.

ஆகவே முதல் இரண்டு நாள்கள் அவர்களைக் கவனித்துவிட்டு, எந்தச் செயலை எந்த அளவு மேற்பார்வையில் ஒப்படைப்பது என்று தனித்தனியாக முடிவு செய்யுங்கள். ஒல்லெ டென் காட்டே என்ற டச்சுக் கல்வியாளர் 2005இல் முன்வைத்த ஒப்படைப்புக் கருத்து இங்கே நன்றாக உதவும்: பார்க்க மட்டும், நீங்கள் அருகில் நிற்க, அழைத்தால் வரும் தொலைவில் நீங்கள் இருக்க, தாமாகவே, பிறருக்கு மேற்பார்வையாளராக என ஐந்து நிலைகள். ஒரே மாணவர் நுரையீரல் உறை நீரை எடுப்பதில் மூன்றாம் நிலையிலும், உறவினரிடம் இறப்புச் செய்தி சொல்வதில் முதல் நிலையிலும் இருக்கலாம். இதை அவரிடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள். பதவி வருகிறதோ இல்லையோ, அருகிலுள்ள கல்லூரியின் மருத்துவக் கல்விப் பிரிவுடன் இப்போதே தொடர்பு வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி (இணைப் பேராசிரியர், சேலம்): மேற்கொண்டு மருத்துவக் கல்வியில் படிக்க விரும்புகிறேன். எதைத் தேர்வது?

பதில்: தேசிய மருத்துவ ஆணையத்தின் உயர்நிலை மருத்துவக் கல்விப் பயிற்சி ஓராண்டு நீள்வது; வேலூர் சி.எம்.சி., சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆகியவை அதற்கான மையங்களில் அடங்கும். கோவை பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரியில் நடக்கும் ஃபைமர் ஃபெல்லோஷிப் என்ற மருத்துவக் கல்விப் பயிற்சி இரண்டாண்டு. இரண்டிலும் உங்கள் துறையிலேயே ஒரு கல்வித் திட்டத்தைச் செய்து காட்ட வேண்டும். எதைச் செய்வது என்று மனத்தில் ஒரு திட்டம் உருவான பிறகு விண்ணப்பியுங்கள். உங்கள் துறைத் தலைவர் அதற்கு இசைவாரா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள்.

கேள்வி (உதவிப் பேராசிரியர், மகப்பேறு மருத்துவம்): நன்றாகப் பணியாற்றிய இரண்டாமாண்டு மாணவி சில வாரங்களாகத் தாமதமாக வருகிறார், குறிப்புகளை முடிப்பதில்லை, யாருடனும் பேசுவதில்லை. நான் மனநல மருத்துவர் இல்லை. எவ்வளவு தூரம் தலையிடலாம்?

பதில்: நன்றாக இருந்தவர் மாறிவிட்டார் என்பதே தலையிடப் போதிய காரணம். ஒழுங்கு நடவடிக்கைக் கடிதத்தில் தொடங்காதீர்கள். டியூட்டி முடிந்த நேரத்தில், தனியறையில், நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: "இந்த வாரம் மூன்று நாள் தாமதமாக வந்தீர்கள், முன்பு அப்படி இருந்ததில்லை, எப்படி இருக்கிறீர்கள்?" பிறகு பேசாமல் காத்திருங்கள். உறக்கமின்மை, உடல்நோய், வீட்டுப் பொறுப்பு, பணிச்சுமை, மேல்நிலை மாணவரின் துன்புறுத்தல் என எதுவும் காரணமாக இருக்கலாம். துன்புறுத்தல் என்றால் அது விதிப்படி புகாருக்குரியது; மாணவியைத் தனியாக அதைச் சுமக்க விடக்கூடாது.

வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் தோன்றிவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. ஆம் என்றால் அன்றே மனநலத் துறைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவரைத் தனியே அறைக்கு அனுப்பாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண் எந்நேரமும் கிடைக்கும். உடன் பணியாற்றுவோரிடம் சிகிச்சை பெறத் தயங்கினால் வெளியில் ஏற்பாடு செய்யுங்கள். நீங்கள் சிகிச்சையாளராக மாற வேண்டாம். முதலில் கவனித்தவராகவும், கைவிடாதவராகவும் இருந்தால் போதும்.

பணிநேரத்தையும் பார்க்க வேண்டும். வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் மனநலப் பணிக்குழு 2024இல் பரிந்துரைத்தது. உங்கள் யூனிட்டின் டியூட்டிப் பட்டியலை எடுத்து அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியல் போடும் அதிகாரம் பல இடங்களில் நம்மிடம்தான் இருக்கிறது.

கேள்வி (மூத்த உறைவிட மருத்துவர்): மாணவர்கள் தாம் செய்த செயல்களைப் பதிவு செய்யும் லாக்புக்கில், மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்து வாங்க வருகிறார்கள். என்ன செய்வது?

பதில்: கையெழுத்திட வேண்டாம். நீங்கள் பார்த்த செயலுக்கு அன்றே, அதன் அருகில் ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுங்கள்.

கேள்வி (உதவிப் பேராசிரியர், கோவை): நான் நன்றாகக் கற்பிக்கிறேனா என்பதை எப்படி அறிவது? மாணவர் கருத்துப் படிவங்களில் எல்லாரும் 'மிக நன்று' என்றே எழுதுகிறார்கள்.

பதில்: கையெழுத்தையே நீங்கள் அறிந்திருக்கும்போது வேறெப்படி எழுதுவார்கள்? தேர்வு முடிந்து வெளியேறும் இறுதியாண்டு மாணவர்களிடம், துறையில் வேறொருவர் வழியாக, இரண்டே கேள்விகளைக் கேட்டு வாங்குங்கள்: எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும். வார்டு செவிலியரிடமும் கேளுங்கள். நீங்கள் சென்றபின் மாணவர்கள் நோயாளியிடம் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

சக ஆசிரியரைப் பார்க்க அழைக்கும்போது, "எப்படி இருந்தது?" என்று கேட்டால் "நன்றாக இருந்தது" என்றுதான் பதில் வரும். முன்கூட்டியே ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்டபின் நான் எத்தனை விநாடி காத்திருக்கிறேன், எத்தனை கேள்விகளுக்கு நானே விடை சொல்லிவிடுகிறேன், நோயாளியை எத்தனை முறை பெயர் சொல்லி அழைக்கிறேன் என்பவற்றுள் ஏதேனும் ஒன்று. தாளில் குறித்துத் தரச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அதே ஒன்றையே திரும்பக் குறிக்கச் சொல்லுங்கள். அவர் வார்டுக்கு நீங்களும் போய் அவருக்குக் குறித்துக் கொடுங்கள்.