முழுநேர நீர்வண்ண ஓவியராக வாழ்வதில் என்னென்ன சிரமங்கள் வரும்?

“வயது 29. மென்பொருள் வேலையை விட்டுவிட்டு நீர்வண்ண ஓவியராகவே வாழலாம் என்றிருக்கிறேன். மனத்தளவிலும் நடைமுறையிலும் எதற்கெல்லாம் தயாராக வேண்டும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக என்னால் முடியவில்லை.

கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் படித்தவள் நான். படிப்பு முடிந்த நாளிலிருந்து நீர்வண்ணம்தான். என் கணவருடைய சம்பளத்தில் வீட்டு வாடகை போகிறது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். “உங்களுக்கென்ன, பின்னால் ஒரு சம்பளம் இருக்கிறது” என்று யாராவது கேட்கத்தான் போகிறார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தாள், வண்ணம், பிரேம், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எல்லாம் படம் விற்ற பணத்தில்தான் நடக்கின்றன.

நீங்கள் சொல்லாவிட்டாலும் உங்கள் நிலைமையை ஓரளவு ஊகிக்க முடிகிறது. சனி, ஞாயிறுகளில் வரைகிறீர்கள். அலுவலக நண்பர்கள் “இதை விற்கலாமே” என்கிறார்கள். வீட்டில் அம்மா வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை, ஆனால் வரன் பார்க்கும் பேச்சை எடுக்கும்போதெல்லாம் உங்கள் வேலையை மட்டும் அழுத்திச் சொல்கிறார். பணம் ஒழுங்காக வராது என்று இங்கே மற்றவர்கள் உங்களுக்கு எழுதுவார்கள். அது உண்மைதான், அதற்குக் கணக்குப் போட்டுத் தயாராகிவிடலாம். நான் சொல்ல வருவது, படம் உங்கள் கையை விட்டுப் போன பிறகும் அதற்காக நீங்கள் வாதாடிக்கொண்டே இருக்க வேண்டும் என்பதை. தாளில் தீட்டிய படம் என்றாலே நம் ஊரில் அதற்கு மரியாதை குறைவு. கேன்வாஸ் என்றால் ஓவியம், தஞ்சாவூர்ப் படம் என்றால் அதில் தங்க ரேக்கு இருக்கிறது, தாள் என்றால் பேப்பர். அந்த எண்ணத்தோடு நாள்தோறும் மோத வேண்டியிருக்கும்.

முதலில் பருவநிலையைச் சொல்கிறேன், பயிற்சி வகுப்புகளில் இதை யாரும் சொல்லித் தருவதில்லை. நீர்வண்ணம் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. “வாஷ் காயும்வரை சற்றுப் பொறுத்திருங்கள்” என்று அவற்றில் இருக்கும். (நீர் நிறையக் கலந்த வண்ணத்தைத் தாளில் பரவலாக இழுக்கும் பூச்சைத்தான் வாஷ் என்போம்.) கத்திரி வெயிலில் பொறுத்திருக்க ஒன்றுமே இல்லை. வானத்தின் இடது மூலையில் தொடங்கிய வாஷ், பிரஷ் வலது மூலைக்குப் போவதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடும். தாளின் பின்புறத்தையும் நனைத்துப் பலகையில் ஒட்டவைத்து, விடியற்காலையில் வேலையை முடித்துவிடுவதுதான் வழி. ஐப்பசி, கார்த்திகையில் நிலைமை தலைகீழ். முதல் பூச்சு காயவே காயாது. பொறுமை இழந்து அதன்மேல் அடுத்ததை வைத்தால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். அதைவிட மோசம், தாளே கெட்டுப்போவது. நல்ல தாளில் வண்ணம் உள்ளே இறங்கிவிடாமல் இருக்க ஜெலட்டின் ஏற்றியிருப்பார்கள், சைஸிங் என்போம். ஈரக்காற்றில் அது ஆங்காங்கே செத்துவிடும். வெள்ளைத் தாளைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாஷ் போட்ட பிறகுதான் வானத்தில் திட்டுத்திட்டாகக் கருமை இறங்கும். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாள், வெளிநாட்டுச் சரக்கு, ஒரு முழுத் தாளின் விலைக்கு வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். நான் தாள்களைப் பாலித்தீன் உறையிலிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரும்பு பீரோவில் வைக்கிறேன். ராமபாணப் பூச்சிக்கு ஜெலட்டின் என்றால் உயிர், அதற்காக வசம்பும் வைக்கிறேன். ஓலைச்சுவடிகளுக்கு வைத்த அதே வசம்புதான்.

மனச்சிரமம் என்று கேட்டிருந்தீர்கள். எண்ணெய் வண்ணத்தில் தப்பினால் சுரண்டலாம், ஆக்ரிலிக்கில் மேலே பூசலாம். (அந்த ஓவியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவரவர் பாடு அவரவருக்கு.) நீர்வண்ணத்தில் ஒளி என்பது தாளின் வெள்ளைதான். அதை மூடிவிட்டால் முடிந்தது. வெள்ளை வண்ணம் வைத்துச் சரிசெய்யலாம் என்று சிலர் வருவார்கள், வைக்கவே கூடாது என்று வேறு சிலர் வருவார்கள், அந்தச் சண்டைக்கு நான் இல்லை. தாராசுரம் கோயிலின் மாலை வெயிலை வரைய உட்கார்ந்தால், கல்லின் நிழலுக்கு அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலப்பேன். அல்ட்ராமரைன் பொடி தாளின் குழிகளில் இறங்கித் தங்குவதால் கல்லின் சொரசொரப்புத் தானாக வரும். அது அமைந்த நாளில் மனம் நிறைந்துவிடும். கடைசி நிழலில் தண்ணீர் கொஞ்சம் கூடிப்போன நாளில் மூன்று மணி நேர வேலையைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். வீட்டில் “இன்றைக்கு என்ன வரைந்தாய்?” என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்காது. நாள் முழுவதும் உழைத்தவளை நாள் முழுவதும் வெட்டியாக இருந்தவள்போல் பார்ப்பார்கள். பெண்ணாக இருந்தால் படித்துறையில் உட்கார்ந்து வரைவதிலேயே தனிச் சிரமங்கள் உண்டு. சுற்றி நின்று யாருடைய பெண், ஏன் தனியாக வந்தாய் என்று விசாரிக்கிறவர்கள், பக்கத்தில் ஒரு கழிப்பறை இல்லாதது. இதைப் பற்றி எழுதினால் பதில் வேறு பக்கம் போய்விடும்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆற்றோரத்தில் இருக்கும் ஒரு தங்கும் விடுதிக்காரர்கள் காவிரிப் படித்துறைகளை வரிசையாக வரைந்து தரச் சொன்னார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு பகவத் படித்துறையிலும் சக்கரப் படித்துறையிலும் உட்கார்ந்து வரைந்தேன். என் வாழ்நாளின் நல்ல படங்களில் சில அவை. பாதிப் பணம் முன்பணமாகத் தந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மவுண்ட் என்ற அட்டைச் சட்டம் வைத்து, கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடைவெளி விட்டு, பின்பக்கம் முழுவதும் அடைத்துக் கொடுத்தேன். எந்தச் சுவரில் மாட்டலாம், எதில் கூடாது என்று எழுதியும் கொடுத்தேன். மேற்கு பார்த்த தாழ்வாரத்தில் மாட்டப் போகிறோம் என்று உரிமையாளர் சொன்னபோது நேரிலேயே மறுத்தேன். “ஐயா, எடின்பரோ கலைக்கூடத்துக்கு ஹென்றி வாகன் என்பவர் ஆங்கில ஓவியர் டர்னரின் நீர்வண்ணப் படங்கள் 38 விட்டுச்சென்றார், 1900இல் அவை அங்கே போய்ச் சேர்ந்தன. வெயில் குறைந்த ஜனவரி மாதத்தில் மட்டுமே வெளியே வைக்க வேண்டும் என்று உயிலில் எழுதினார். இன்றைக்கும் ஜனவரியில்தான் காட்டுகிறார்கள்” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “அம்மா, எங்களுக்கு வருஷம் பூராவும் விருந்தாளி வருகிறார்களே” என்றார்.

இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் மேனேஜரிடமிருந்து தொலைபேசி வந்தது. “மேடம், உங்கள் கலர் எல்லாம் ஓடுகிறது. மீதிப் பணம் தர முடியாது, கொடுத்ததையும் திருப்பித் தாருங்கள்” என்றார். போய்ப் பார்த்தேன். கண்ணாடி ஒன்றில்கூட இல்லை. விருந்தினர்கள் அங்கே நின்று படம் எடுக்கும்போது கண்ணாடியில் விளக்கு பிரதிபலிக்கிறது என்று எல்லாவற்றையும் கழற்றியிருந்தார்கள். தாளில் பழுப்புப் புள்ளிகள் பரவியிருந்தன. ஆற்று நீரின் நீலம் கரைந்து படிக்கட்டுகளின் மேல் வழிந்திருந்தது. ஈரக்காற்றால் மட்டும் அப்படி வழியாது. நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, துப்புரவு வேலை செய்யும் ஓர் அம்மாள் அருகில் வந்து மெல்லிய குரலில் சொன்னார்: “வாரா வாரம் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னார்கள் அம்மா. துடைக்கத் துடைக்கத் துணியில் நீலம் வருகிறது என்று நான் சொன்னேன். அழுக்குத்தான், நன்றாகத் துடை என்றார்கள்.” அந்தத் தாழ்வாரத்தில் என் படங்களை உண்மையாகவே பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர்மேல் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை.

மறுநாள், அதே தாளில் அதே வண்ணங்களால் நான் முதலில் போட்ட மாதிரிப் படங்களைப் பீரோவிலிருந்து எடுத்துப்போய் அவர்கள் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. ஒன்றை விரல் வைத்துக் காட்டினேன். படியிறங்கும் பெண்ணின் சேலைக்கு நான் போட்டது ட்யூபில் பி.வி. 19 என்ற நிறமிக் குறியீட்டெண் போட்டிருக்கும் ரோஸ், வெயில் தாங்குவது. அலிசரின் கிரிம்சன் என்ற சிவப்பு, அதாவது பி.ஆர். 83, வெளுக்கும் என்பதால் அதை நான் வாங்குவதே இல்லை. தாள் பழுத்துக் கெட்ட பிறகும் தாழ்வாரத்துப் படத்தில் அந்தச் சேலை சிவந்தே நின்றது. ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1888இல் பிரிட்டனில் கொடுத்த அறிக்கையில், வெளிச்சமும் ஈரமும் சேரும்போதுதான் வண்ணங்களுக்கு அதிகக் கேடு என்று கண்டிருக்கிறார்கள் என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உரிமையாளரின் பங்காளி ஒருவர், “தண்ணீரில் கரைத்த சாயம், இவ்வளவுதான் வரும்” என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது. மீதிப் பணம் வரவில்லை. முன்பணத்தை நான் திருப்பித் தரவில்லை, தந்திருக்கவும் மாட்டேன். ஆனால் “அந்தம்மா கலர் ஓடும்” என்ற பேச்சு ஊருக்குள் என்னைவிட வேகமாக நடந்தது. பேசி முடித்திருந்த வேறு இரண்டு வேலைகள் அதனால் கைநழுவின. பணம் போனதைப் பிறகு ஈடுகட்டிக்கொண்டேன். என் பேர் கெட்டதற்கு இன்றும் மனம் ஆறவில்லை.

இவ்வளவு படித்தவர்களுக்கு ஒரு படத்தை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது என்று ஏன் தெரியாமல் போயிற்று? பள்ளியில் ஓவிய வகுப்பு என்ற ஒன்று உண்மையில் நடந்திருந்தால் தெரிந்திருக்கும். நம் பிள்ளைகளின் ஓவிய வகுப்பைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வதை நாமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம், நல்லது என்று மகிழ்கிற பெற்றோரும் உண்டு. 2012இல் அரசுப் பள்ளிகளில் ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் தையலுக்கும் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். என் வகுப்புத் தோழி அப்படிச் சேர்ந்தவள். கோடை விடுமுறை என்று மே மாதத்துக்குச் சம்பளமே தரவில்லை. என்னைவிட நன்றாகக் கோடு இழுப்பவள், பணி நிரந்தரம் கேட்டுச் சென்னை வெயிலில் சாலையில் உட்கார்ந்திருந்தாள். சம்பளம் பிறகு கொஞ்சம் உயர்ந்தது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்பீர்கள். ஓவியம் வாங்கத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எங்கிருந்து வருவார்கள் என்று நான் யோசிக்கும்போதெல்லாம் அவள் முகம்தான் வருகிறது. அதனால் எழுதிவிட்டேன்.

சரி, உங்களுக்கு வருகிறேன். அந்த விடுதிக்குப் பிறகு என் படங்கள் எவற்றையும் வெறும் தாளாகக் கொடுப்பதில்லை, பிரேமோடுதான். வெளியூருக்கு அனுப்புவதானால் கண்ணாடிக்குப் பதில் ஆக்ரிலிக் தகடு. பின்பக்கத்தில் தாளின் பெயர், வண்ணங்களின் குறியீட்டெண்கள், மாட்டக் கூடாத இடங்கள், ‘கண்ணாடியைக் கழற்றினால் பொறுப்பு என்னுடையதல்ல’ என்ற வரி எல்லாம் இருக்கும். அதே விவரம் ஒரு தாளில் வாங்குபவரின் கையெழுத்தோடு என்னிடமும் இருக்கும். சிலர் இதைப் பார்த்துவிட்டு வாங்காமல் போகிறார்கள். கையெழுத்துப் போட்டு வாங்கியவர்கள் படத்தை நன்றாக வைத்திருக்கிறார்கள், மறுபடி வருகிறார்கள். கொடுப்பதற்கு முன் நல்ல ஸ்கேன் எடுத்துவிடுங்கள், அச்சுப் பிரதிகளும் வாழ்த்து அட்டைகளும் பெரிய விற்பனை இல்லாத மாதங்களில் கைகொடுக்கும். முன்பணம் பாதி போதாது, படத்தை ஒப்படைக்கும்போதே முழுத் தொகையையும் வாங்கிவிடுங்கள். அரை மணியில் போட்டுவிட்டீர்களே என்று விலையைக் குறைக்கச் சொல்பவரிடம் கெஞ்ச வேண்டாம், வேறொருவர் வருவார்.

வேலையை விடுவதா என்பதற்கு என் பதில்: உடனே விடாதீர்கள். சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமானால் ஐப்பசியும் கார்த்திகையும் எடுங்கள். மார்கழியில் வேண்டாம், அப்போது வெளிச்சமும் காற்றும் நன்றாக இருக்கும், எல்லாருக்கும் ஓவியராகிவிடலாம் என்றுதான் தோன்றும். காயாத வாஷும் கெட்டுப்போன தாளுமாக அந்த இரண்டு மாதங்களும் நாள்தோறும் உட்கார்ந்து வரையுங்கள். தை பிறந்த பிறகும் பிரஷை எடுக்க மனம் வந்தால் அலுவலகத்தில் பேசுங்கள். உங்கள் ஊரில் எந்தத் தாள் தாங்கும், எங்கே வாங்கலாம் என்று கேட்டால் கருத்துப் பகுதியில் சொல்கிறேன், ஊர்ப் பெயரை மட்டும் குறிப்பிடுங்கள். கடலோர ஊருக்கும் கோயம்புத்தூருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது.