கேள்வி நேரம்: பிஎஸ்-6 லாரிக்கு என்ன ஆயில்?

கேள்வி: என்னிடம் இரண்டு பழைய லாரியும் புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த ஒரு பிஎஸ்-6 வண்டியும் இருக்கின்றன. மூன்றுக்கும் பழையபடி சிஐ-4 பிளஸ் தர இன்ஜின் ஆயில் பேரலே வாங்கி ஊற்றினால் என்ன? புதிய தரமான சிகே-4 விலை கூடுதல். விற்பனைக்காக எழுத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள் என்கிறார் மெக்கானிக்.
– லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: புது வண்டிக்கு மட்டும் தயவுசெய்து அதை ஊற்றாதீர்கள். உங்கள் மெக்கானிக் இன்ஜினை மட்டும் பார்த்துச் சொல்கிறார். பிஎஸ்-6 வண்டியில் ஆயிலின் வேலை சைலன்சர் வரைக்கும் நீள்கிறது.

அங்கே டிபிஎஃப் என்ற பீங்கான் வடிகட்டி இருக்கிறது; உள்ளே தேன்கூடு மாதிரி நுண்ணிய அறைகள். டீசல் புகையின் கரி அதில் படியும். படிந்த கரியை வண்டி அவ்வப்போது சூடேற்றி எரித்துவிடும். எரியாமல் தங்குவது சாம்பல், அது பெரும்பாலும் ஆயிலிலிருந்து வருகிறது. அமிலத்தை முறிக்க கால்சியம், மெக்னீசியம் சேர்க்கிறோம்; தேய்மானத்தைத் தடுக்க துத்தநாகம். பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஏறுகிற ஆயில் எரிந்ததும் இந்த உலோகங்கள் நேரே வடிகட்டிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லிட்டர் ஆயில் எரிந்தால், சாம்பல் அளவு 1% என்றால் சுமார் 87 கிராம் மிஞ்சும், 1.5% என்றால் 130 கிராம். சிகே-4 தரத்தில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. சிஐ-4 வந்த காலத்தில் அப்படி ஒரு வரம்பே கிடையாது. டிபிஎஃப் அடைத்துக்கொண்டு அதைக் கழற்றி மாற்ற நேர்ந்தால், ஆயிலில் மிச்சம் பிடித்த காசு எந்த மூலைக்கு?

உலோகத்தைக் குறைத்தால் இன்ஜினை யார் காப்பது என்று கேட்பீர்கள். ஆயில் தயாரிப்பவர்களின் உண்மையான போராட்டம் அதில்தான். டீசல் ஒரு கை கொடுத்தது: பிஎஸ்-3 காலத்தில் 350 பிபிஎம் (பத்து லட்சத்தில் 350 பங்கு) இருந்த கந்தகம், 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க 10 பிபிஎம். கந்தகம் குறைந்தால் அமிலம் குறையும், அதை முறிக்கும் கால்சியமும் குறைவாகப் போதும். மீதிக்கு நல்ல பேஸ் ஆயிலும் (சேர்மானம் கலக்கும் முன் இருக்கும் அடிப்படை எண்ணெய்), சாம்பல் தராத சேர்மானங்களும் தேடினார்கள். அமெரிக்க இன்ஜின் தயாரிப்பாளர்கள் 2011-ல் கேட்ட தரம் 2016 டிசம்பரில்தான் சிகே-4 என்று வெளிவந்தது. அதற்கான சோதனைகளில் ஒன்று, 13 லிட்டர் வால்வோ இன்ஜினை 130 டிகிரி ஆயில் சூட்டில் 360 மணி நேரம் ஓட்டுவது. ஆயில் கெட்டியாகிவிட்டால் ஃபெயில். நான் மணலிப் பக்கம் ஆய்வகத்தில் இருந்த காலத்தில், டெஸ்ட் முடிந்து பிரித்த பிஸ்டன்களை விளக்கடியில் வைத்து, ரிங் பள்ளத்தில் எவ்வளவு கரி இறுகியிருக்கிறது என்று மார்க் போடுவோம். சரக்கு மோசமென்றால் அந்தப் பள்ளத்தில் நகம்கூட இறங்காது. அதைப் பார்த்த எனக்கு, இது வெறும் எழுத்து மாற்றம் என்று யாராவது சொன்னால் கோபமே வரும்.

பழைய வண்டிகளுக்கும் சிகே-4 ஊற்றலாம். அவையும் இப்போது அதே 10 பிபிஎம் டீசலைத்தானே குடிக்கின்றன. ஒரே பேரல் வைத்துக்கொண்டால், இரவில் கிளீனர் தவறான கேனை எடுத்து டாப்-அப் செய்யும் ஆபத்தும் போகும்.

கேள்வி: ஆயில் மாற்றிக் கொஞ்ச நாளிலேயே கன்னங்கரேல் என்று ஆகிறது. மட்டமான சரக்கா?
– வாசகர், சங்ககிரி

பதில்: கறுப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். கரியைக் கட்டியாக விடாமல் தூளாகவே மிதக்க வைப்பது ஆயிலின் கடமை, கறுக்கத்தான் செய்யும். விரலில் தேய்த்துப் பார்ப்பதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. இன்ஜின் சூடாக இருக்கும்போது டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை ஃபில்டர் தாளில் விட்டு, மறுநாள் பாருங்கள். கறுப்பு ஓரம்வரை சீராகப் பரவியிருந்தால் ஆயிலுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. நடுவில் மை அப்பியதுபோல் கரி தேங்கி, சுற்றிலும் வெறும் எண்ணெய் வளையம் மட்டும் தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

டிப்ஸ்டிக்கில் அளவு ஏறியிருந்தால் அது வேறு விஷயம். டீசலோ கூலன்ட்டோ கலக்கிறது. வண்டியை ஓட்டாமல் ஒர்க்‌ஷாப்பில் காட்டுங்கள்.

கேள்வி: எஃப்ஏ-4 என்ற ஆயில் மைலேஜ் தருமாமே, ஊற்றலாமா?
– ஓட்டுநர், தூத்துக்குடி

பதில்: மேனுவலில் எஃப்ஏ-4 என்று அச்சடித்திருந்தால் மட்டும். அது வேண்டுமென்றே மெல்லியதாகச் செய்த ஆயில். 150 டிகிரி சூட்டில், பேரிங் இடுக்கில் வேகமாக இழுபடும்போது அதன் பாகுத்தன்மை 2.9 முதல் 3.2 சென்டிபாய்ஸ், சிகே-4-க்குக் குறைந்தது 3.5 வேண்டும். அந்த மெல்லிய படலத்துக்காக வடிவமைக்காத இன்ஜினில் பேரிங் தேய்ந்துபோகும். கேனில் 10டபிள்யூ-30 என்ற கெட்டித்தன்மைக் குறியீட்டைப் பார்த்ததும் பயப்படவும் வேண்டாம்: சிகே-4-லும் 10டபிள்யூ-30 உண்டு, அதிலும் அந்த 3.5 இருக்கிறது. கேனின் பின்பக்கம் எந்த எழுத்து போட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள்.