அப்பாவின் றங்குப் பெட்டி

கேள்வி: கொட்டாஞ்சேனை வீட்டை விற்றுவிட்டு அடுத்த மாதம் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்குக் குடிபோகிறோம். சென்ற ஆண்டு காலமான அப்பாவின் றங்குப் பெட்டி நிறையச் சினிமாப் பாட்டுப் புத்தகங்களும், தியேட்டர் நோட்டீஸ்களும், வானொலியில் கேட்ட பாட்டுகளை அவர் எழுதிவைத்த மூன்று கொப்பிகளும் இருக்கின்றன. சில புத்தகங்களின் பின்னட்டையில் எந்தத் தியேட்டரில், யாருடன் பார்த்தார் என்று பென்சிலால் குறித்திருக்கிறார். "படப் பைத்தியமாகவே வாழ்ந்துவிட்டார்; அதுவும் எல்லாம் இந்தியப் படங்கள். பழைய பேப்பரோடு நிறுத்துப் போடு" என்கிறார் அண்ணா. அம்மாவோ பெட்டியைத் தொட விடுகிறாரில்லை. இவற்றுக்கு உண்மையில் ஏதும் மதிப்பு உண்டா? என்ன செய்யலாம்?
– வாசகி, கொழும்பு 13

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிறுத்துப் போட வேண்டாம். விற்றால் பெரும் பணம் கிடைக்கும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்படி நினைத்துப் பெட்டியைத் திறந்தால் ஏமாந்துபோவீர்கள். உங்களிடம் இருப்பவற்றுள் மதிப்பு மிக்கவை, நீங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் சொல்லிச் சென்ற அந்தப் பென்சில் குறிப்புகளே.

பாட்டுப் புத்தகம் மலிவான தாளில் அச்சிட்டு, தியேட்டர் வாசலில் சில்லறைக்கு விற்ற பொருள். நடிகர் பட்டியல், பாட்டுகள், பாதிக் கதை. கதை சூடுபிடிக்கும் இடத்தில் 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று நிறுத்திவிடுவார்கள். யாரும் அதைக் காப்பாற்ற நினைக்கவில்லை. ஆனால் படச்சுருள்களின் கதி அதைவிட மோசம். 1950களின் தொடக்கம்வரை பயன்பட்ட நைட்ரேட் படச்சுருள் எளிதில் தீப்பற்றும், தீப்பற்றாவிட்டாலும் நாளடைவில் தானாகவே சிதைந்துபோகும். தமிழின் முதல் பேசும்படமான 1931ஆம் ஆண்டின் 'காளிதாஸ்' படத்துக்கே இன்று பிரதி இல்லை. படம் போன பிறகு, அதைப் பற்றிப் பேசுவதற்குக் காகிதம்தான் மிஞ்சுகிறது.

அண்ணாவின் 'இந்தியப் படங்கள்' என்ற வாதத்தைக் கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு சொல்லியிருக்க வேண்டியதில்லை. முதல் சிங்களப் பேசும்படமான 'கடவுணு பொரொந்துவ' 1947 ஜனவரி 21ஆம் திகதி திரையிடப்பட்டது உங்கள் ஊரின் கிங்ஸ்லி தியேட்டரில்தான். அதைத் தயாரித்த எஸ்.எம். நாயகம் ஒரு தமிழர், படம்பிடித்தது தென்னிந்தியாவில். சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தை 1928இல் தொடங்கிய சிற்றம்பலம் கார்டினரின் பெயரைக் கொழும்பில் ஒரு வீதி இன்றும் தாங்கி நிற்கிறது. சேலத்தில் பிறந்த மொஹிதீன் பேக் பாடிய பௌத்த கீதங்கள் இல்லாமல் இந்த நகரத்தில் வெசாக் வருவதில்லை. எது இந்தியாவினுடையது, எது எங்களுடையது என்று கோடு கிழிக்கப் புறப்பட்டால், அந்தக் கோடு உங்கள் வீட்டு வானொலிப் பெட்டிக்கு நடுவாலேயே போகும். 1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களை ஒதுக்கிவைத்தபோது, பாக்குநீரிணைக்கு அக்கரையில் இருந்தவர்களும் இலங்கை வானொலியைத்தான் திருப்பினார்கள். தமிழகத்துப் பாட்டைக் கொழும்பு ஒலிபரப்ப, தமிழகமே கேட்டது. அப்பாவின் மூன்று கொப்பிகளும் அந்தக் காலத்தின் நேரடிச் சாட்சிகள்; ஒரு வரி பிடிபடாமல் போக, அவர் இடம்விட்டு அடுத்த முறை நிரப்பிய இடங்கள்கூட அவற்றில் இருக்கக்கூடும், தேடிப் பாருங்கள்.

'படப் பைத்தியம்' என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். சினிமா மக்களை எப்படி மாற்றியது என்பது திரையைப் பார்த்தால் தெரியாது. முடிவெட்டும் கடையிலும் தையற்கடையிலும் தெரியும். தியாகராஜ பாகவதரின் 'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வெளியாகிச் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்பது சாதனைக் கணக்கு. ஆனால் கழுத்துவரை முடி வளர்த்துப் 'பாகவதர் கிராப்' என்று இளைஞர்கள் திரிந்தார்களே, அதுதான் வரலாறு. 1952இன் 'பராசக்தி' நீதிமன்ற வசனத்தை, படத்தைப் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே நான் மனப்பாடம் செய்திருந்தேன், பாடப் புத்தகத்துக்குள் மறைத்துவைத்த வசனப் புத்தகத்திலிருந்து. (அதைக் கண்டுபிடித்த என் தந்தை அடுப்பில் போட்டார். இப்போது உங்களுக்கு இவ்வளவு அக்கறையோடு எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.)

பெட்டியைத் திறந்ததும், இலங்கையில் எடுத்த தமிழ்ப் படங்களின் துண்டுகள் உண்டா என்று முதலில் பாருங்கள். 1972இல் வந்த 'குத்துவிளக்கு', 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எடுத்த 'வாடைக்காற்று' முதலியவற்றின் நோட்டீஸ் ஒன்றேனும் இருந்தால், அதைத் தனி உறையில் வையுங்கள். 1983 ஜூலையில் ஹெந்தளையில் படத் தயாரிப்பாளர் குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டபோது, பல படங்களின் மூலச்சுருள்களும் சாம்பலாயின. அந்த இழப்புக்குப் பிறகு இந்நாட்டுத் திரைப்படம் பற்றிய எந்தத் தாளும் சிறிய தாள் அல்ல.

இனிச் செய்ய வேண்டியவை. கிழிந்த பக்கங்களுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யவே வேண்டாம். இரண்டும் தாளைக் கொல்லும். வெள்ளவத்தையின் கடற்காற்றுக்கு இரும்புப் பெட்டி துருப்பிடிக்கும், ஆகையால் காகித உறைகளில் இட்டு, சுவரை ஒட்டாத அலுமாரித் தட்டில் வையுங்கள்; இராமபாணப் பூச்சி இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பின்னட்டை உட்பட ஒவ்வொரு பக்கத்தையும், நேர்வெயில் படாத சன்னலோர வெளிச்சத்தில் கைபேசியால் படம் எடுங்கள்.

பிறகு, இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனத்திடம் பேசுங்கள்; கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களமும் இருக்கிறது. சென்னையின் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிவந்த ஒருவர் சேர்த்த பாட்டுப் புத்தகங்களும் நோட்டீஸ்களும் பழைய நூல்களும் கொண்டு 1994இல் உருவானது என்பதை அண்ணாவிடம் சொல்லிவையுங்கள். எங்கே கொடுத்தாலும் பிரிக்காமல் மொத்தமாகக் கொடுங்கள், எழுத்தில் பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

ஆனால் அம்மா சம்மதிக்கும்வரை எதையும் கொடுக்க வேண்டாம். அவர் பெட்டியைத் தொட விடாததற்குக் காரணம், 'யாருடன்' என்ற அந்தக் குறிப்புகளில் சிலவற்றில் இருப்பது அவருடைய பெயராக இருக்கலாம். ஒரு மாலை அவருக்குப் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து நீட்டி, எந்தத் தியேட்டர், கலரியா பல்கனியா, போகும்போது பஸ்ஸா நடையா என்று கேட்டு, சொல்வதை அதே தாளில் எழுதாமல் வேறொரு கொப்பியில் எழுதுங்கள். புத்தகங்களைத் தைத்திருக்கும் துருக்கம்பிகளை மட்டும், மே மாத மழை பிடிக்கும் முன்னர் மெல்லக் கழற்றிவிடுங்கள்.