பென்சீன் இறங்கியும் நைலான் 66 ஏன் இறங்குவதில்லை?

கேள்வி: நைலான் 66 குருணை வாங்கி மோல்டிங் பாகங்கள் செய்கிறோம். அதன் மூலப்பொருளான பென்சீனின் விலை இறங்கினாலும் எங்களுக்கு வரும் விலை அசைவதில்லை. சில மாதங்களில் சரக்கே கிடைப்பதில்லை. எதைக் கவனிக்க வேண்டும்? நைலான் 6-க்கு மாறிவிடலாமா?

பதில்: பென்சீனை மட்டும் பார்ப்பதுதான் சிக்கல். நைலான் 6-க்கு அது ஓரளவு சரி: பென்சீன், சைக்ளோஹெக்சேன், சைக்ளோஹெக்சனோன், கேப்ரோலாக்டம், அதிலிருந்து நைலான் 6 என்று ஒரே வரிசை. (அங்கும் உடன் விளைபொருளான அம்மோனியம் சல்பேட் உரம் குறுக்கே வரும். பழைய முறையில் ஒரு டன் கேப்ரோலாக்டத்துக்கு 4 டன்னுக்கு மேல் உரம் சேரும். உர விலை சரிந்தால் லாபமும் சரியும்.)

நைலான் 66-க்கு இரண்டு மூலப்பொருள். ஒரு டன் பாலிமருக்குக் கணக்குப்படி சுமார் 646 கிலோ அடிப்பிக் அமிலமும் 513 கிலோ ஹெக்சாமெத்திலீன் டையமீனும் வேண்டும். கூடுதலாக உள்ள 159 கிலோ நீராகப் பிரிந்துவிடும். அமிலம் பென்சீனிலிருந்து வருவது. சீனாவில் அதற்குத் தேவைக்கு மேல் ஆலைகள் இருப்பதால் தட்டுப்பாடு அரிது.

கழுத்தைப் பிடிப்பது டையமீன்தான். அது பெரும்பாலும் அடிப்போநைட்ரைல் என்ற இடைப்பொருளிலிருந்து கிடைக்கிறது. அதைச் செய்பவர்கள் உலகிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஒரு வழி பியூட்டாடையீனுடன் ஹைட்ரஜன் சயனைடைச் சேர்ப்பது. இன்னொன்று அக்ரிலோநைட்ரைலை மின்னாற்பகுப்பில் இணைப்பது. சயனைடு கொடிய நஞ்சு, அதனால் பெரும்பாலும் ஆலை வளாகத்திலேயே தயாரித்துப் பயன்படுத்துகிறார்கள். புதிதாக ஒருவர் சட்டென்று நுழைய முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். ஆலைகள் சிலவே என்பதால் ஒன்று நின்றாலும் உலகம் முழுக்க உறைக்கும். 2018-இல் அப்படித்தான் ஆனது. 2022-இல் இன்விஸ்டா நிறுவனம் ஷாங்காயில் ஆண்டுக்கு 4 லட்சம் டன் அடிப்போநைட்ரைல் ஆலையைத் தொடங்கியதும் நிலைமை தளர்ந்தது.

ஆக, நீங்கள் தொடர வேண்டியவை பியூட்டாடையீன், அக்ரிலோநைட்ரைல், சயனைடு தயாரிக்கப் பயன்படும் அம்மோனியா ஆகியவற்றின் விலைகள். அவற்றுக்கும் மேலாக, அடிப்போநைட்ரைல் ஆலைகளின் பராமரிப்பு நிறுத்தங்களும் 'ஃபோர்ஸ் மஜூர்' (கட்டுப்பாட்டை மீறிய காரணத்தால் சரக்கு தர இயலாது என்ற) அறிவிப்புகளும். விலை ஒப்பந்தத்தைப் பென்சீனோடு மட்டும் கட்டாதீர்கள்.

மாறுவதைப் பொறுத்தவரை, எல்லாப் பாகத்துக்கும் முடியாது. நைலான் 66 சுமார் 260 டிகிரியில் உருகும், நைலான் 6 சுமார் 220-இல். சூடான எண்ணெய், எஞ்சின் அறை என்றால் சோதித்துப் பார்க்காமல் மாறாதீர்கள். சூடு குறைந்த உறைகள், கிளிப்புகள், கைப்பிடிகளுக்குப் பெரும்பாலும் தாங்கும். ஆனால் நைலான் 6 ஈரத்தைக் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும், அச்சில் சுருங்கும் அளவும் வேறு. அச்சிலிருந்து எடுத்த சூட்டோடு அளந்து 'சரி' என்று விட்டால், சில வாரங்களில் பாகம் ஈரம் ஏறிப் பருத்து, பொருந்தாமல் திரும்பி வரும். ஈரம் ஏற்றிய பிறகும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

குருணையை 80 டிகிரியில் உலர்த்தி ஈரத்தை 0.2 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்த பிறகே மோல்டிங்குக்கு விடுங்கள். மோல்டிங் மெஷினின் பீப்பாய்ச் சூட்டையும் இறக்குங்கள். 66-க்கு வைத்த மெஷின் அமைப்பிலேயே ஓட்டினால் 6 அதிகம் இளகி, அச்சு இடுக்குகளில் பிசிறு தள்ளும். வாடிக்கையாளரிடம் இரண்டு கிரேடுக்கும் ஒப்புதலைத் தட்டுப்பாடு வருவதற்கு முன்பே வாங்கி வையுங்கள். சரக்கு நின்ற பிறகு சோதனை தொடங்கினால் ஒப்புதல் வர மாதங்கள் ஆகிவிடும்.